மூழ்கியது எது, மிதந்தது எது

சின்னம்மாளுக்கு வாசனை தெரியாது. எங்கிருந்து தொடங்கினாலும் கதை அங்கேதான் வந்து நிற்கப்போகிறது என்பதால் அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கொரோனாவின் இரண்டாவது அலையில் காய்ச்சலோடு பதினொரு நாள் கிடந்தாள். எழுந்து உட்கார்ந்து காப்பி குடித்தபோது அது வெறும் வெந்நீராக இருந்தது. ஒரு மாதத்தில் நாக்குக்கு இனிப்பும் உப்பும் புளிப்பும் கசப்பும் திரும்பின. மூக்கு திரும்பவில்லை. அவளுக்கு மல்லிகைப்பூவும் ஒன்றுதான், மலச்சட்டியும் ஒன்றுதான்.

வேலூரில் முதியோர் பராமரிப்புப் பயிற்சி முடித்து அப்போது ஆறு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. வீடுகளுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சியின் படிவத்தில் கண் நன்றாகத் தெரியுமா, காது கேட்குமா, முதுகுவலி உண்டா என்றெல்லாம் கேட்டிருந்தார்கள். மூக்கைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. கேட்காததைச் சொல்வானேன் என்று அவளும் விட்டுவிட்டாள். ஒரு வருடம் போன பிறகு, இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்ற கேள்விக்குப் பதில் இல்லாததால் சொல்லவில்லை.

அதற்கு ஈடாக மற்றதையெல்லாம் கெட்டியாக வைத்துக்கொண்டாள். நோயாளி ஈரம் செய்துவிட்டாரா என்று மூக்கு சொல்லாது, ஆகவே இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை கையை விட்டுப் பார்ப்பாள். பால் திரிந்ததா என்று தெரியாது, ஆகவே ஒரு கரண்டி பாலைத் தனியாகக் கொதிக்கவிட்டுப் பார்ப்பாள். கேஸ் திருகைப் படுக்கப் போகுமுன் மூன்று முறை தொடுவாள். எந்த டப்பாவிலும் தேதி எழுதி ஒட்டுவாள். அவள் வேலை செய்த வீடுகளில் எல்லாம், இவ்வளவு சுத்தமான ஆளைப் பார்த்ததில்லை என்றார்கள். அந்தப் பெயர் அவளுக்கு உபயோகமாகவும் இருந்தது, உறுத்தலாகவும் இருந்தது.

பிறந்தது முள்ளிப்பட்டில், தறி ஓடுகிற வீட்டில். கட்டிக்கொடுத்ததும் தறி வீட்டில்தான். புருஷன் முப்பத்தாறு வயதில் கல்லீரல் கெட்டுச் செத்தார். கையில் ஒரு பெண். ஆரணியில் ஒரு தனியார் பள்ளியின் வேதியியல் ஆய்வகத்தில் கழுவித் துடைக்கிற வேலை கிடைத்தது. பன்னிரண்டு வருடம் அங்கே இருந்தாள். ஆய்வகத்தில் பிள்ளைகள் செய்வது ஒன்று, அதன் பிறகு இவள் செய்வது ஒன்று. இரும்புத்தூளையும் மணலையும் கலந்து, காந்தத்தால் பிரித்துக் காட்டச் சொல்லுவார் ஆசிரியை. பாதி பிள்ளைகள் பிரிக்காமலேயே மணி அடித்ததும் ஓடிவிடும். நிர்வாகம் புதிதாக இரும்புத்தூள் வாங்கித் தராது. ஆகவே காந்தத்தைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு, கலந்துபோன எல்லாவற்றையும் சாயங்காலம் இவளே பிரித்துச் சீசாவில் போடுவாள். காகிதம் சுற்றாவிட்டால் தூள் காந்தத்தை விட்டு வராது என்பதை ஆசிரியை சொல்லித் தரவில்லை, கைதான் சொல்லித் தந்தது.

உப்பையும் கற்பூரத்தையும் பிரிப்பது இன்னொரு பாடம். பீங்கான் கிண்ணத்தில் இரண்டையும் போட்டு, மேலே புனலைக் கவிழ்த்து, புனலின் வாயைப் பஞ்சால் அடைத்துச் சூடு காட்டினால் கற்பூரம் உருகாமல் நேராக ஆவியாகிப் புனலின் உட்புறத்தில் வெள்ளையாகப் படியும். உப்பு கிண்ணத்திலேயே கிடக்கும். படிந்ததைச் சுரண்டிக் கழுவுவது இவள் பாடு. கற்பூரம் கிடைக்காத ஒரு வருடம் பாச்சை உருண்டையைப் பொடித்துப் போட்டார்கள். அந்த வருடம்தான் ஒன்றைக் கவனித்தாள்: கற்பூரத் துணுக்குகள் தொட்டித் தண்ணீரில் மேலே மிதந்து ஓரமாக ஒட்டும், பாச்சை உருண்டைத் துணுக்குகள் அடியில் போய் உட்கார்ந்து குழாயை அடைக்கும். அடைப்பு எடுத்தவள் அவள் என்பதால் மறக்கவில்லை.

பெண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்பியதும் பள்ளி வேலையை விட்டுப் பயிற்சிக்குப் போனாள். இப்போது வயது ஐம்பத்தைந்து. பரசுராமன் வீட்டுக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது.

பரசுராமன் ஆரணியில் பட்டு வியாபாரி. நாற்பத்தைந்து வருடம் கடை நடத்தினவர். இப்போது கடையை மகன் ஹேமநாத் பார்த்துக்கொள்கிறான். மருமகள் ஸ்வர்ணலதா காலையிலிருந்து சாயங்காலம் வரை கடையில் கூட நிற்கிறாள். எண்பது வயதான பெரியவருக்கு உடம்பு ஓரளவு திடம். நினைவு மட்டும் முன்னும் பின்னும் போய் வரும். சின்னம்மாளைக் கடைக்குப் புதிதாகச் சேர்ந்த ஆள் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, நீ எந்த ஊரு?"

"முள்ளிப்பட்டுங்கையா."

"முள்ளிப்பட்டா? சொன்ன தேதிக்குப் பொடவ குடுக்க மாட்டீங்களே நீங்க."

"எங்கப்பா குடுப்பாருங்க."

"உங்கப்பன் பேரு இன்னா?"

"வீரபாகு."

"அவனா! அவன் இன்னும் மோசம்."

இது தினமும் நடக்கும். வீரபாகுவை அவருக்குத் தெரியாது என்பது வேறு விஷயம். சின்னம்மாள் சில நாள் பதிலை மாற்றுவாள். வெம்பாக்கம் என்பாள், வேலூர் என்பாள். ஒவ்வொரு ஊர்க்காரரும் ஏன் உருப்படமாட்டார்கள் என்று அவரிடம் ஒரு காரணம் இருந்தது.

அவருடைய கைதான் தொல்லை. சும்மா இருக்காது. பீரோவைத் திறந்து புடவைகளை எல்லாம் இழுத்துப் போடும், படுக்கை விரிப்பைப் பிரிக்கும். ஸ்வர்ணலதா சொல்லித்தான் சின்னம்மாளுக்குக் காரணம் தெரிந்தது. பாச்சை உருண்டை ஜரிகைமேல் நேராகப் பட்டால் ஜரிகை கறுத்துவிடும் என்பது அந்தக் கடையின் நம்பிக்கை. அதனால் உருண்டைகளை இடித்துப் பொடியாக்கி, கொஞ்சம் கிராம்பு சேர்த்து, மெல்லிய மல் துணியில் சின்னச் சின்ன முடிச்சாகக் கட்டி, பெட்டிக்கு ஒன்று என்று வைப்பார்கள். வருடம் ஒரு தடவை, ஆடி மாதம், பழைய முடிச்சுகளை அவிழ்த்து, மீந்திருக்கும் பொடியைப் புதுப் பொடியோடு சேர்த்து இடித்து மறுபடி கட்டுவார்கள். பழசை எறிவது கிடையாது. இந்த வேலையைப் பரசுராமன் யாரிடமும் விட்டதில்லை.

"பொடி கொறஞ்சி போச்சின்னு ஆளுங்க மேல சந்தேகம்கா அவருக்கு. அதான் தானே கட்டுவாரு" என்றாள் ஸ்வர்ணலதா.

பயிற்சியில் சொல்லித் தந்திருந்தார்கள்: கைக்குப் பழகின வேலை ஒன்றைக் கொடுங்கள், ஆள் அமைதியாவார். சின்னம்மாள் ஸ்வர்ணலதாவிடம் சொல்லி வீட்டிலிருந்த பாச்சை உருண்டைகளை எல்லாம் கடைக்கு அனுப்பினாள். பெரியவர் கையில் அடக்கமான ஒரு இரும்பு உரலையும் உலக்கையையும் கொடுத்தாள். இடிக்கக் கற்கண்டு கொடுத்தாள். துண்டு துண்டாக வெட்டிய மல் துணி கொடுத்தாள்.

அவர் இடித்தார். வெள்ளைப் பொடி வந்தது. அவருடைய விரலுக்கு அது போதுமாக இருந்தது. காலையில் இரண்டு மணி நேரம் இடிப்பார், கட்டுவார், எண்ணுவார். மத்தியானம் சின்னம்மாள் முடிச்சுகளை அவிழ்த்துப் பொடியை ஒரு எவர்சில்வர் டப்பாவில் சேர்ப்பாள். வீணாக்குவானேன் என்று நாலு மணிப் பாலில் அதையே இரண்டு ஸ்பூன் போட்டுக் கொடுப்பாள். பீரோ இழுப்பது நின்றது. ஏஜென்சி மேடம் ஒரு தடவை வந்து பார்த்துவிட்டு, இதை எல்லாப் பெண்களுக்கும் சொல்லப்போகிறேன் என்று போட்டோ எடுத்துக்கொண்டு போனார்.

எட்டு மாதம் இப்படி ஓடிற்று.

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. கட்டிலுக்கடியில் இருந்த பழைய தகரப் பெட்டியில், செத்துப்போன அவர் மனைவியின் இரண்டு புடவைகள் இருப்பதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. சின்னம்மாள் குளியலறையில் துணி அலசிக்கொண்டிருந்த நேரத்தில் பரசுராமன் அந்தப் பெட்டியைத் திறந்தார். அதற்குள் ஏழு முடிச்சுகள். ஆடி மாதம் பழசை அவிழ்த்துப் புதுசோடு சேர்க்க வேண்டும். அவர் செய்ய வேண்டியதைச் செய்தார். ஏழையும் அவிழ்த்தார், கற்கண்டோடு உரலில் போட்டு இடித்தார், காலையில் கழுவிக் காயவைத்திருந்த டப்பாவில் கொட்டினார். அவிழ்த்த துணிகளை மடித்துத் தலையணைக்குக் கீழே வைத்தார். பெட்டியைப் பழையபடி மூடினார். நாற்பத்தைந்து வருடத்தில் ஒரு நாளும் இதைவிடச் சுத்தமாக அந்த வேலையைச் செய்திருக்கமாட்டார்.

நாலு மணிக்குச் சின்னம்மாள் டப்பாவைத் திறந்தாள். வெள்ளைப் பொடி, நடுநடுவே பழுப்பாக ஏதோ. உரலில் முன்னே மிளகு இடித்திருந்தார்கள், அதன் மிச்சம் என்று நினைத்தாள். இரண்டு ஸ்பூன் போட்டுக் கலக்கிக் கொண்டுபோனாள்.

பெரியவர் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைப் பார்த்தார்.

"கடை வாசன அடிக்குதும்மா."

"நாளைக்குக் கடைக்குப் போலாங்கையா. இப்ப குடிங்க."

"கடை வாசன அடிக்குதுன்றேன்."

"ஆமாங்கையா, அடிக்கட்டும். ஆறிடப் போவுது, குடிங்க."

முக்கால் டம்ளர் குடித்தார். "ஜரிகமேல சிந்தாம எடுத்துகினு போ" என்று மீதியை நீட்டினார். அவள் மீதியைக் கொட்டிவிட்டு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். எச்சில் பாத்திரம் தொட்டியில் கிடப்பது அவளுக்குப் பிடிக்காது.

ஐந்து மணிக்கு ஸ்வர்ணலதா கடையிலிருந்து வந்தாள். பெரியவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், குமட்டுகிறது என்றார். சின்னம்மாள் நாடி பார்த்து, நெற்றியைத் தொட்டு, எலுமிச்சைச்சாறு பிழியச் சமையலறைக்குப் போனாள். ஸ்வர்ணலதா கூட வந்து கற்கண்டு டப்பாவைத் திறந்தாள். திறந்த கையோடு தலையைப் பின்னுக்கு இழுத்தாள்.

"சின்னம்மாக்கா! இன்னாக்கா இது? பாச்சா உருண்ட நாத்தம் தூக்குது!"

சின்னம்மாள் டப்பாவை வாங்கிப் பார்த்தாள். பார்ப்பதைத் தவிர அவளால் வேறொன்றும் செய்ய முடியாது. அந்தப் பழுப்பு மிளகு இல்லை, கிராம்பு.

"இத்த மாமா தின்னாரா? நீங்க பாத்தீங்களா?"

கேள்விக்குள்ளேயே ஒரு வாசல் திறந்து இருந்தது. ஆமாம், தானே எடுத்துத் தின்றிருப்பார், நான் துணி அலசிக்கொண்டிருந்தேன் என்று சொன்னால் முடிந்தது. பெரியவரால் மறுக்க முடியாது. டம்ளர் கழுவியாகிவிட்டது. ஆனால் தானே தின்றார் என்றால் எவ்வளவு தின்றார் என்று ஒருவருக்கும் தெரியாது. எவ்வளவு என்று தெரியாமல் எந்த டாக்டராலும் ஒன்றும் நிச்சயமாகச் செய்ய முடியாது. சின்னம்மாள் அந்த வாசலைப் பார்த்தாள். பார்த்துவிட்டு மூடினாள்.

"நான்தாம்மா குடுத்தேன். பால்ல ரெண்டு ஸ்பூனு. முக்கா டம்ளர் குடிச்சாரு. நாலு மணிக்கு."

ஸ்வர்ணலதா அவளை உற்றுப் பார்த்தாள். பிறகு செல்போனை எடுத்தாள். ஹேமநாத்திடம் காரைக் கொண்டுவரச் சொல்லிவிட்டு, குடும்ப டாக்டர் தென்னரசுவைக் கூப்பிட்டாள்.

டாக்டர் கேட்டது இரண்டே கேள்வி: என்ன பொடி, எவ்வளவு?

"பாச்சா உருண்டதான் டாக்டர்... இல்ல, இருங்க. மாமா சில வருஷம் சூடமும் சேத்து இடிப்பாரு. எது எந்த முடிச்சில இருந்துச்சின்னு தெரியலயே."

"ரெண்டும் ஒண்ணு இல்லம்மா. சூடம் நெறைய போயிருந்தா இன்னும் கொஞ்ச நேரத்துல வலிப்பு வரலாம். பாச்சா உருண்டன்னா இப்ப ஒண்ணும் தெரியாது, ரெண்டு மூணு நாள் கழிச்சி ரத்தத்த ஒடைக்கும். வேலூருக்குக் கெளம்புங்க, ஜல்தி. வாந்தி எடுக்க வெக்காதீங்க. பால், எண்ண எதுவும் உள்ள போவக் கூடாது. வாசன பாத்து எதுன்னு சொல்ல முடியுதா?"

ஸ்வர்ணலதா டப்பாவை மறுபடி மோந்தாள். கண்ணில் நீர் வந்தது. "எல்லாம் ஒண்ணா கீது டாக்டர். எங்க கடை வாசனையாட்டம் கீது, அவ்ளோதான்."

சின்னம்மாள் பெரியவரை இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்கவைத்து, முதுகுக்குத் தலையணை அண்டக்கொடுத்தாள். தலையணை தூக்கியபோது ஏழு துணி மடிப்புகள் கிடந்தன. காலையில் உறை மாற்றும்போது அங்கே ஒன்றும் இல்லை. ஆகவே இன்றைய வேலைதான், நேற்றுப் பாலில் இது இல்லை. அது ஒன்றாவது நிச்சயம்.

கார் வரக் கால் மணி நேரம் இருந்தது.

"மாமா பக்கத்துல உக்காரும்மா. கையி காலு இழுத்தா கூப்புடு" என்றாள். "ஜரிக எட போடுற சின்ன மிஷின் எங்க கீது?"

"எதுக்கு?"

"எதுன்னு பாத்துடலாம். பிரிச்சாத் தெரியும்."

இரண்டு கண்ணாடி டம்ளர்களை எடுத்தாள். இரண்டிலும் வெதுவெதுப்பான தண்ணீர், நிறைய. பாத்திரம் தேய்க்கிற சோப்புக் குழம்பில் ஒவ்வொரு சொட்டு விட்டாள். சோப்பு இல்லாவிட்டால் லேசான தூள் எதுவும் தண்ணீரின் தோல்மேல் உட்கார்ந்துகொண்டு மிதப்பதுபோல ஏமாற்றும். பூஜை அலமாரியிலிருந்து ஒரு கற்பூரத்தை எடுத்து நசுக்கி முதல் டம்ளரில் போட்டுக் கலக்கினாள். வெள்ளைத் துணுக்குகள் மேலே வந்து சுற்றின. சரி, நினைவு தப்பவில்லை.

டப்பாவைக் கவிழ்த்து முழுப் பொடியையும் ஒரு தாளில் கொட்டிப் புரட்டிக் கலந்தாள். அதே ஸ்பூனால், அதே மாதிரி தலைதட்டி, ஒரு ஸ்பூன் எடுத்து அந்த மிஷினில் நிறுத்தாள். நாலு கிராம். அதை இரண்டாவது டம்ளரில் போட்டுக் கலக்கினாள். தண்ணீர் பாலாகக் கலங்கியது. கற்கண்டு கரையும் வரை கலக்கிக்கொண்டே இருந்தாள். பிறகு டம்ளரைச் சமையல் மேடையில் வைத்துக் கையை எடுத்தாள்.

அந்தப் பக்கம் பெரியவர் ஸ்வர்ணலதாவிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"கல்லாவுல யாரு உக்காந்துகினு கீறாங்க?"

"உங்க புள்ளதான் மாமா."

"அவனுக்கு இன்னா தெரியும். நீ போய் உக்காரு."

தண்ணீர் மெல்லத் தெளிந்தது. கிராம்புத் துணுக்குகள் ஏழெட்டு மேலே. வெள்ளையாக மேலே ஒன்றும் இல்லை. டம்ளரின் அடியில் வெள்ளைப் படிவு, விரல் நகத்தின் கனத்துக்கு. சின்னம்மாள் டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து மூன்று தடவை தட்டினாள். படிந்தது எழும்பி, மறுபடி படிந்தது.

"சூடம் இல்லம்மா. பாச்சா உருண்டதான்."

"நிச்சயமா?"

"அந்த டம்ளரப் பாரு, இந்த டம்ளரப் பாரு."

கிராம்பை ஸ்பூனால் வழித்து எறிந்துவிட்டு, பெரியவர் கட்டுவதற்கு வைத்திருந்த மல் துணியை நாலாக மடித்து அடிப் படிவை வடிகட்டினாள். ஸ்வர்ணலதா அடுப்பருகில் போனாள்.

"தோசக் கல்லு சூடு பண்ணட்டுமாக்கா? சீக்கிரம் காயும்."

"வெக்காத. சூடு பட்டா இது ஆவியா பறந்துடும். எட கொறச்சி காட்டும்." துணியைக் காகிதக் கைக்குட்டைகளுக்கு நடுவே வைத்து உள்ளங்கையால் அழுத்தி அழுத்தி ஈரத்தை எடுத்தாள். சுரண்டித் தராசில் போட்டாள். ஒரு கிராமுக்குக் கொஞ்சம் மேலே. ஈரம் போக ஒன்று என்று வைத்தாள். இரண்டு ஸ்பூனில் இரண்டு கிராம். முக்கால் டம்ளர்தான் உள்ளே போயிருக்கிறது, அதிலும் இது பாலில் அவ்வளவாகக் கரையாது, அடியில் நின்றிருக்கும். ஆனால் அவள் குறைத்து எழுதவில்லை. மின்கட்டண ரசீதின் பின்பக்கம் எழுதினாள்: நாலு மணி. பாச்சை உருண்டை. அதிகம் போனால் இரண்டு கிராம். கற்பூரம் இல்லை. வீட்டில் வாந்தி இல்லை.

கார் வந்தது. ரசீது, டப்பா, வடிகட்டி எடுத்த படிவு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு ஏறினாள். கண்ணமங்கலம் தாண்டியதும் ஹேமநாத், "டப்பாவத் தொறந்தப்போ நாத்தம் வந்திருக்குமே" என்று கண்ணாடியைப் பார்த்துச் சொன்னான். சின்னம்மாள் பெரியவரின் தாடையைத் தூக்கிப் பிடித்திருந்தாள்.

ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவு டாக்டர் ஒரு சின்னப் பெண். ரசீதைப் படித்தாள். திருப்பிப் பார்த்தாள், மின்கட்டணம் இருந்தது. மறுபடி திருப்பினாள்.

"இத யாரு பிரிச்சது?"

"நான்தாங்க."

"எப்படிப் பிரிச்சீங்க?"

சின்னம்மாள் சொன்னாள். டாக்டர் தலையசைத்துக்கொண்டே எழுதினாள். ரத்தத்தில் ஒரு நொதி சிலருக்குக் குறைவாக இருக்கும், அப்படிப்பட்டவர்களுக்கு இந்த அளவே ஆபத்து, அதை இப்போதே பரிசோதிக்க அனுப்புகிறேன், ரத்த வங்கிக்கும் சொல்லிவைக்கிறேன் என்றாள். எழுதி முடித்துவிட்டு, குற்றம் சொல்லும் குரலில் இல்லாமல், ஒரு விவரமாகக் கேட்டாள்.

"இவ்வளவு பண்ணீங்க. பால்ல போடும்போது வாசன தெரியலையா?"

ஸ்வர்ணலதாவும் ஹேமநாத்தும் அவள் முகத்தைப் பார்த்தார்கள்.

"எனக்கு மூக்கு வேல செய்யாதுங்க. கொரோனாவுல போச்சி. நான் யார்கிட்டயும் சொல்லல."

டாக்டர் அதையும் எழுதிக்கொண்டாள்.

ஹேமநாத் வராந்தாவுக்குப் போனான். ஸ்வர்ணலதா பின்னாலேயே போகவில்லை. "அப்போ அவரு கடை வாசன அடிக்குதுன்னு சொல்லியிருப்பாரே" என்றாள்.

"சொன்னாரு. ரெண்டு தடவ சொன்னாரு."

அதற்குப் பிறகு ஸ்வர்ணலதா எட்டு நாள் அவளிடம் தேவைக்கு மேல் பேசவில்லை. போகச் சொல்லவும் இல்லை. பெரியவரைப் புரட்டுவதற்கும் துடைப்பதற்கும் வேறு ஆள் இல்லை, வேறு யார் கையையும் அவர் சேர்க்கவும் இல்லை. சின்னம்மாள் இருந்தாள். ஒவ்வொரு தடவையும் சிறுநீரை வெள்ளைப் பிளாஸ்டிக் குவளையில் பிடித்து, ஜன்னலருகே கொண்டுபோய்ப் பார்த்து, மணியும் நிறமும் எழுதினாள். செவ்வாய் சாயங்காலம் வெளிர் மஞ்சள். புதன் முழுக்க மஞ்சள். வியாழன் மத்தியானம் கொஞ்சம் கூடுதல் மஞ்சள், தண்ணீர் குறைவாகக் குடித்திருக்கலாம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு, அப்படி எழுதாமல் நிறத்தை மட்டும் எழுதினாள். வெள்ளி விடியற்காலையில் குவளையில் வந்தது டிகாஷன்.

அவள் ஓடவில்லை. நர்ஸிடம் குவளையைக் காட்டினாள். பரிசோதனை முடிவு முந்தின நாளே வந்திருந்தது: அந்த நொதி அவருக்குக் குறைவுதான், பிறவியிலேயே. ரத்தம் தயாராக எடுத்துவைக்கப்பட்டிருந்தது. இருபது நிமிடத்தில் முதல் பாட்டில் ஏறியது. அடுத்த நாள் இன்னொன்று. நாலு நாள் அவருடைய கண் மஞ்சளாக இருந்தது. வாயைத் திறந்தால் முனகல்தான் வந்தது. எந்த ஊர் என்று அவளைக் கேட்கவில்லை.

அந்த நாட்களில் ஒரு நாள் டாக்டர் ஸ்வர்ணலதாவிடம், இதற்கு முன்னால் மஞ்சள் காமாலை வந்திருக்கிறதா என்று விசாரித்தாள். ஸ்வர்ணலதா யோசித்தாள். மாமியார் உயிரோடு இருந்தபோது சொல்வார்களாம்: வருஷா வருஷம் ஆடி மாசம் இவருக்குக் கண்ணு மஞ்சளாகிப் பத்து நாள் படுத்துவிடுவார், வெயில் சூடு என்று கீழாநெல்லி அரைத்துக் கொடுப்போம் என்று. ஆடியில்தான் முடிச்சு மாற்றுவது. கதவைச் சாத்திக்கொண்டு, காற்றில் பொடி பறக்கக்கூடாது என்று மின்விசிறியையும் நிறுத்திவிட்டு, இரண்டு நாள் இடித்தவர் அவர். டாக்டர் பேனாவை நிறுத்தி, "அதனாலயும் இருக்கலாம்" என்றாள்.

சின்னம்மாள் கேட்டுக்கொண்டிருந்தாள். அது அவளுடைய தப்பைக் குறைக்கவில்லை. குறைக்கும் என்று அவள் எடுத்துக்கொள்ளவும் இல்லை.

பத்தாம் நாள் வீட்டுக்கு வந்தார்கள். பெரியவர் கட்டிலில் சாய்ந்துகொண்டு, "ஏம்மா, நீ எந்த ஊரு?" என்றார். சின்னம்மாள் முள்ளிப்பட்டு என்றாள். "உருப்பட மாட்டீங்க" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

ஸ்வர்ணலதா அவளைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள்.

"எனக்கு உங்க மேல கோவம் இல்லக்கா. நீங்க பிரிச்சி எழுதிக் குடுக்கலன்னா ரத்தம் ரெடியா இருந்திருக்காதுன்னு அந்த டாக்டரே சொன்னாங்க. ஆனா நான் கடைக்குப் போனா, அங்க உக்காந்துகினு இத்தையே நெனச்சிகினு இருப்பேன்."

"நியாயம்தாம்மா. நானா இருந்தாலும் வெச்சிக்க மாட்டேன்."

"முன்னாடியே சொல்லியிருந்தா வெச்சிகினு இருப்பேன்க்கா. டப்பாவ நான் தொறந்து குடுத்துட்டுப் போயிருப்பேன். அவ்ளோதான் வேல."

சின்னம்மாள் ஒரு தாளை எடுத்தாள். பெரியவர் எந்தப் பக்கம் படுத்தால் தூங்குவார், எந்த மாத்திரையை வாழைப்பழத்தில் வைக்க வேண்டும், உரலில் இனிமேல் பொட்டுக்கடலை போடலாம் என்று அதில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினாள். பெட்டியை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

ஏஜென்சி மேடத்திடம் அவளே போய்ச் சொன்னாள். மேடம் அந்த உரல் போட்டோவைச் செல்போனிலிருந்து அழித்துவிட்டு, படிவத்தில் பேனாவால் ஒரு வரி சேர்த்தார். அடுத்த ஒன்றரை மாதம் வேலை வரவில்லை. மூன்று வீடுகளுக்கு நேரில் போனாள். மூன்றிலும் காப்பி கொடுப்பதற்கு முன்பே விஷயத்தைச் சொன்னாள். மூன்றிலும் காப்பி வந்தது, வேலை வரவில்லை.

நாலாவது வீடு கண்ணமங்கலத்தில். பக்கவாதம் வந்து படுத்த அம்மா, முதுகுக்குக் கீழே படுக்கைப் புண். மகள் சிவசங்கரி ஸ்கூட்டரில் பஸ் ஸ்டாண்டுக்கே வந்துவிட்டாள். சின்னம்மாள் ஸ்கூட்டரில் ஏறாமல் நின்று சொன்னாள்.

சிவசங்கரி கேட்டுவிட்டுச் சிரித்தேவிட்டாள். "அய்யோ, அதுதான்க்கா வேணும்! நாத்தம் தாங்கலன்னு நாலு பேரு ஓடிட்டாங்க. கடைசியா வந்தது ரெண்டு நாளுகூட நிக்கல. மூக்கு இல்லாத ஆளு எங்க கெடைக்கும்னு நானே பேஜாராய் உக்காந்துகினு இருந்தேன். ஏறுங்க."

சின்னம்மாள் ஏறவில்லை.

"இரும்மா. புண்ணு சுத்தமா கீதா, சீழ் வெக்குதான்னு மொதல்ல மூக்குக்குத்தான் தெரியும். கண்ணுக்குத் தெரியறதுக்குள்ள ரெண்டு நாளு ஆயிடும். எனக்கு அது தெரியாது. தெனம் காலைல நான் கட்டுப் பிரிக்கும்போது நீ பக்கத்துல வந்து குனிஞ்சி மோந்து பாத்து, நேத்து மாதிரி கீதா, கூட கீதான்னு சொல்லணும். நான் எழுதிக்குவேன். அடுப்படியில டப்பா எதுவும் நான் தொறக்க மாட்டேன். இதுக்கு ஒத்துகினா வரேன்."

சிவசங்கரியின் சிரிப்பு நின்றது.

"தெனமுமாக்கா?"

"தெனமும்."

சிவசங்கரி ஸ்கூட்டரின் கண்ணாடியைத் துடைத்தாள். துடைத்த கண்ணாடியை மறுபடி துடைத்தாள். வேலூர் பஸ் ஒன்று வந்து நின்று ஆள் இறக்கிவிட்டுப் போனது.

"சரி" என்றாள். "காலைல காப்பி குடிக்கறதுக்கு முன்னாடியே வெச்சிக்கலாம். குடிச்சிட்டு வந்தா எனக்கு வெளிய வந்துடும்."

சின்னம்மாள் பெட்டியை முன்னால் வைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தாள்.